கணக்குக் கேட்க வந்த ஆவிகள்

சென்ற டிசம்பர் விடுமுறையில் ஹட்டன் நகரிலுள்ள எங்கள் பலசரக்குக் கடையின் காசு மேசையில் இருந்தபடி ஒரு புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன். வெளியே மூடுபனி. எதிர்க்கடை வாசலில் நத்தார் விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன. பின்பக்கத்திலிருந்து தேநீர் கொண்டுவந்த உம்மும்மா அட்டையைப் பார்த்துவிட்டு, "மஃரிப் நேரத்துல பேய்ப் புத்தகமா புள்ள வாசிக்கிறாய்?" என்று கேட்டார். அட்டையில் சங்கிலிகளை இழுத்துக்கொண்டு ஓர் ஆவி நின்றது. அது சார்ள்ஸ் டிக்கன்ஸ் எழுதிய 'எ கிறிஸ்மஸ் கரோல்'.

உம்மும்மாவின் கேள்வி எனக்குள் இன்னொரு கேள்வியை எழுப்பியது. நத்தார் என்பது கிறிஸ்தவர்களின் மகிழ்ச்சித் திருநாள். அந்த நாளில் பேய்க்கதை எதற்கு? அதற்கு விடை தேடியபோது அறிந்தவற்றையே இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன்.

முதற்காரணம் இருட்டு. மலையகத்தில் டிசம்பரிலும் பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல் பகல் இருக்கும். இலண்டனிலோ டிசம்பர் 21ஆம் திகதியளவில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. வெளியே பனி, வேலை குறைவு, குடும்பம் முழுவதும் கணப்படுப்பைச் சுற்றி அமரும். அப்போது கதைதான் பொழுதுபோக்கு. இவ்வழக்கம் மிகப் பழையது. ஷேக்ஸ்பியரின் 'குளிர்காலக் கதை' என்ற நாடகத்திலேயே ஒரு சிறுவன், குளிர்காலத்துக்கு ஏற்றது சோகக் கதைதான் என்று கூறித் தன் தாய்க்குப் பேய்க்கதை சொல்லத் தொடங்குகிறான். நமது தோட்டங்களில் மழைக்கால இரவுகளில் லயத்து அடுப்பங்கரையில் முனி, காட்டேரிக் கதைகள் சொல்லப்படுவது நினைவுக்கு வருகிறதல்லவா?

வாய்மொழியாக இருந்த இவ்வழக்கத்தை அச்சுக்குக் கொண்டுவந்தது விக்டோரியா மகாராணியின் காலம் (1837-1901). கல்வி பரவியது, நீராவி இயந்திரத்தால் அச்சுச் செலவு குறைந்தது. இரண்டு பென்சுக்கு வார இதழ் வாங்கலாம் என்ற நிலை வந்தது. ஆண்டு முடிவில் இதழ்கள் நத்தார் சிறப்பிதழ் வெளியிட்டன; அவற்றில் ஆவிக்கதைகளுக்குத் தனி இடம் இருந்தது. இதற்குப் பெரிதும் வழிவகுத்தது உம்மும்மா கண்ட அந்தப் புத்தகமே.

1843இல் டிக்கன்ஸ், சுரங்கங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்த சிறுவர்களைப் பற்றிய அரசாங்க அறிக்கையை வாசித்துக் கொதித்துப்போனார். ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு துண்டுப் பிரசுரம் எழுத நினைத்தார். பின்னர் மனதை மாற்றிக்கொண்டு, அதற்குப் பதிலாக ஒரு கதை எழுதினார். சில வாரங்களில் எழுதி முடிக்கப்பட்ட அந்நூல் டிசம்பர் 19ஆம் திகதி வெளிவந்தது. முதலில் அச்சிட்ட 6000 பிரதிகளும் நத்தாருக்கு முந்திய நாளுக்குள் விற்றுத் தீர்ந்தன. பிரசுரம் எழுதியிருந்தால் இத்தனை பேர் வாசித்திருப்பார்களா என்பது சந்தேகமே.

கதை பலருக்கும் தெரிந்திருக்கும். ஸ்குரூஜ் என்ற கஞ்சனிடம் இறந்துபோன அவனது பங்காளி மார்லியின் ஆவி வருகிறது. அதன் உடலைச் சுற்றிய சங்கிலியில் காசுப் பெட்டிகள், திறப்புகள், பூட்டுகள், கணக்குப் புத்தகங்கள் தொங்குகின்றன. வாழும்போது தானே செய்த சங்கிலி இது என்று அந்த ஆவி சொல்கிறது.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். ஏனெனில் என் முன்னால் மேசையில் எங்கள் கடையின் கடன் கொப்பி கிடந்தது. மார்லியின் கணக்குப் புத்தகங்களில் என்ன எழுதியிருந்திருக்கும்? மற்றவர்கள் அவனுக்குத் தர வேண்டியது எழுதியிருந்திருக்கும். அவன் மற்றவர்களுக்குத் தர வேண்டியது ஒரு வரிகூட இருந்திராது. அந்த எழுதாத கணக்கைக் கேட்கத்தான் ஆவிகள் வருகின்றன என்று எனக்குத் தோன்றியது. அதன் பிறகு வாசித்த நத்தார்க் கதைகள் பலவற்றிலும் இதையே கண்டேன்.

எலிசபெத் காஸ்கெல் என்ற பெண் எழுத்தாளரின் 'வயோதிபத் தாதியின் கதை' 1852ஆம் ஆண்டு நத்தாரையொட்டி டிக்கன்ஸின் இதழில் வெளிவந்தது. பனி கொட்டும் இரவில் ஒரு சிறுமியின் ஆவி, வீட்டுக்குள் விடும்படி யன்னலைத் தட்டுகிறது. குடும்பத்தவர்களே அவளையும் தாயையும் பனியில் துரத்தியிருந்தார்கள். அதற்குக் காரணமானவள் அதே வீட்டில் முதுமையடைந்து வாழ்கிறாள். வீட்டார் பல ஆண்டுகள் மூடி மறைத்த அநியாயத்தை நமக்குச் சொல்பவள், அந்த வீட்டில் சம்பளத்துக்கு வேலை செய்த ஒரு தாதி.

அக்காலத்தில் அமெலியா எட்வர்ட்ஸ், சார்லொட் றிடெல் போன்ற பெண்கள் பலர் ஆவிக்கதை எழுதினார்கள். இங்கிலாந்தில் திருமணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்திருக்கும் முழு உரிமை 1882இல்தான் சட்டமானது. நேரடியாகச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று இருந்தவற்றை ஆவியின் வாயால் சொன்னார்கள் போலும்.

ஹட்டன்காரியாகிய என்னை அதிகம் பாதித்தது 1866ஆம் ஆண்டு நத்தார் இதழில் டிக்கன்ஸ் எழுதிய 'சிக்னல் காவலன்'. புகையிரதச் சுரங்கத்தின் வாயிலில் தனியாக வேலை செய்யும் ஒரு சிக்னல் காவலனின் கதை அது. சிவப்பு விளக்கருகே ஓர் உருவம் கையசைத்து எச்சரிக்கிறது. ஒவ்வொரு முறையும் அதன் பின் ஒரு மரணம் நிகழ்கிறது. ஆபத்து வருகிறது என்று அவனுக்குத் தெரியும். என்ன ஆபத்து என்று தெரியாது. மேலிடத்துக்கு அறிவித்தால் பைத்தியம் என்பார்கள். இறுதியில் அவனே புகையிரதத்தில் அடிபட்டு இறக்கிறான்.

இக்கதைக்குப் பின்னால் ஓர் உண்மைச் சம்பவம் உண்டு. 1865 ஜூன் 9ஆம் திகதி ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் டிக்கன்ஸ் பயணித்த புகையிரதம் தடம்புரண்டு பத்துப்பேர் இறந்தனர். காயப்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உதவிய அவர், அந்த அதிர்ச்சியிலிருந்து முற்றாக மீளவேயில்லை. சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, அதே ஜூன் 9ஆம் திகதி காலமானார்.

ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலைச் சுரங்கம் இருக்கிறது. அரைக் கிலோமீற்றருக்கும் அதிக நீளம். புகையிரதப் பாதை 1884இல் ஹட்டனுக்கும், மறு ஆண்டு நானுஓயாவுக்கும் வந்தது. அதாவது டிக்கன்ஸின் கதை வெளிவந்து இருபது ஆண்டுகளுக்குள் நமக்கும் ஒரு சுரங்கம் கிடைத்துவிட்டது. "அதுக்குள்ள லாம்பு வெளிச்சம் ஒண்டு போகுமாம், மலைய வெட்டின ஆக்கள்ட வெளிச்சமாம்" என்று உம்மும்மா சிறுவயதில் எனக்குச் சொல்லியிருக்கிறார். பேய்ப் புத்தகம் வேண்டாம் என்ற அதே உம்மும்மாதான்! அந்த வெளிச்சத்தை நான் நம்பவில்லை. ஆனால், மலையைக் குடைந்தவர்களை அந்தக் கதையாவது நினைத்துப் பார்க்கிறதே என்று இப்போது எண்ணுகிறேன்.

நுவரெலியாவிலும் இத்தகைய ஒரு கதை உண்டு. கோல்ஃப் மைதானத்தை அடுத்த பழைய மயானத்தில் மேஜர் றொஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியின் கல்லறை இருக்கிறது. 1400க்கும் அதிகமான யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அதன் பின் அவரது கல்லறையையும் மின்னல் தேடி வந்து தாக்குகிறது என்பது ஊர்க்கதை. கல் வெடித்திருப்பது உண்மை. மின்னல் தேடி வந்தது என்பது மக்கள் கொடுத்த தீர்ப்பு. யானைகளின் கணக்கை யாரும் கேட்கவில்லையே என்ற ஆதங்கம் கதையாகிவிட்டது.

அப்படியானால் மனிதர்களின் கணக்கு? ஸ்குரூஜின் கதை இலண்டனில் விற்றுத் தீர்ந்த அந்த 1840களில், தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த கூலிகள் மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுப்பாதையில் நடந்தார்கள். கொலராவும் காய்ச்சலும் பசியும் பலரை வழியிலேயே கொன்றன. அவர்களுக்குக் கல்லறை இல்லை. 1878இல் கட்டப்பட்ட டிக்கோயா வார்லி தேவாலயத்தின் முற்றத்தில் துரைமார்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. தொழிலாளியின் பெயரோ செக்றோலிலும் 'துண்டு' என்ற கடன் சீட்டிலும்தான் இருந்தது. துண்டிலுள்ள கடனைத் தீர்க்காமல் அவர் தோட்டத்தைவிட்டுப் போக முடியாது. 1921இல்தான் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மார்லியின் புத்தகத்தைப் போலவே துண்டிலும் ஒருபக்கக் கணக்குத்தான். தொழிலாளி தர வேண்டியது இருந்தது. தொழிலாளிக்குத் தர வேண்டியது இருக்கவில்லை.

முஸ்லிம் மாணவி ஒருத்தி ஆவிக்கதைகளைப் பற்றி எழுதலாமா எனப் பெற்றோர் சிலர் நினைக்கக்கூடும். இறந்தவரின் ரூஹ் பேயாகத் திரும்பி வந்து வீதியில் அலையும் என்று நாம் நம்புவதில்லை. ஆனால் இக்கதைகளின் உள்ளே இருக்கும் கணக்கு நமக்கு அந்நியமானதன்று. மரணித்தவரின் கடனைத் தீர்த்த பிறகே சொத்தைப் பங்கிட வேண்டும் என்கிறது அல்குர்ஆன். கஷ்டத்திலிருக்கும் கடனாளிக்குத் தவணை கொடுங்கள், விட்டுக்கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்றும் சொல்கிறது. ஸ்குரூஜுக்கு ஆவிகள் வந்து உணர்த்த வேண்டியிருந்தது. நமக்கு மறுமை நாளின் கேள்வி கணக்கு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டுவிட்டது. அறிவிக்கப்பட்டும் மறந்து வாழ்கிறோம் என்பதே வித்தியாசம்.

புத்தகத்தை முடித்த இரவு கடன் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுத்த ஓர் அம்மாவின் பக்கம் அப்படியே இருந்தது. அவர் இறந்து ஒன்றரை வருடம். எங்கள் கடையில் நாற்பது வருடம் அரிசியும் மாவும் வாங்கியவர். சிறுவயதில் எனக்கு முந்தானையில் முடிந்து கொய்யாப்பழம் கொண்டுவந்து தருவார். கடைசி வரியில் 3860 ரூபா பாக்கி.

"வாப்பா, இந்தக் காசை யார்ட்ட கேக்கப் போறீங்க?" என்றேன்.

வாப்பா கொப்பியை வாங்கிப் பார்த்தார். "அத மையத்து எடுத்த அண்டைக்கே விட்டுட்டன் மகள். மகள்காரி தர வந்திச்சு; வாணாம் எண்டு சொல்லிட்டன். அவங்க வாங்கின சாமான்லதானே உங்க எல்லாரையும் படிப்பிச்சன்."

"அப்ப ஏன் பக்கத்தக் கிழிக்கல்ல?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கொப்பியை மூடி மேசை லாச்சிக்குள் வைத்தார்.

"மனசு வரல்ல. அவங்களுக்குக் கல்லா வெச்சிரிக்கி? பேர் இதிலயாவது இருக்கட்டும்."