கப்பல் ரூம்ல ஜன்னலே இருக்காதா? கூமாப்பட்டியில இருந்து கிளம்பும் முன் இதைப் படிங்க!

பிளவக்கல் அணையைப் பார்த்தாச்சு, அடுத்து கடல்தான்னு முடிவு பண்ணிட்டீங்களா? ஸ்ரீவில்லிபுத்தூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் எழும்பூர். சென்னைத் துறைமுகத்தில் கார்டேலியா சொகுசுக் கப்பலை முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்தது 2022 ஜூன் 4-ல். வருஷம் முழுக்க இங்கிருந்தே கிளம்பாது. தேதியை முதலில் பாருங்க.

விளம்பரத்தில் வரும் குறைந்த கட்டணம் பெரும்பாலும் ‘இன்டீரியர்’ கேபினுக்குத்தான். அதில் ஜன்னல் கிடையாது! ராத்திரி தூங்க மட்டும்னா அதுவே தாராளம். பகலில் கடல் பார்க்க மேல்தளம் இருக்கு. குமட்டல் வருபவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேபின் கேளுங்க. ஆட்டம் அங்கேதான் குறைவு.

மூணு வேளைச் சாப்பாடு டிக்கெட்டிலேயே அடக்கம், சைவமும் உண்டு. மதுபானம், ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட் எல்லாம் தனிக் காசு.

பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள்; கேபினுக்கு வர நேரமாகலாம். பிபி, சுகர் மாத்திரை கைப்பையிலேயே இருக்கட்டும்.