படகும் பறவையும்: பரத்பூர் புகட்டும் பாடம்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக் கான்சாபுரத்தார்க்குக் கண்மாயும், அதில் வந்திறங்கும் கொக்கும் நாரையும் புதியனவல்ல. நீர் நிறைந்த ஆண்டில் பறவை வரும். வறண்ட ஆண்டில் வாராது. ஆயின், நீர் மட்டும் இருந்தால் போதுமா? இவ்வினாவிற்கு விடை கூறும் இடம் ஒன்று வடநாட்டில் உண்டு. இராஜஸ்தான் மாநிலத்துப் பரத்பூரிலுள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவே அது.

ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இச்சதுப்பு நிலத்தில், போதிய நீர் நிற்கும் காலங்களில் வழிகாட்டியுடன் படகேறிச் செல்லலாம். நீரில் நிற்கும் மரங்களில் நாரைகள் கூடு கட்டியிருக்கும். கரையோரம் சாரஸ் கொக்குகள் இணையாக உலவும். எனினும், ஒரு காலத்தில் உலகப் பறவை ஆர்வலர்களை இங்கு ஈர்த்தது சைபீரியக் கொக்கேயாகும். தூய வெண்ணிற உடல், செந்நிற முகம், பறக்கும்போது மட்டும் நன்கு புலப்படும் கரிய சிறகு நுனி ஆகியன அதன் அடையாளங்கள். ஆழமற்ற நீரில் நின்று சேற்றிலுள்ள கிழங்குகளை அகழ்ந்துண்பது அதன் இயல்பு.

பரத்பூர் முன்னர் மன்னர்களின் வேட்டைக்களமாக இருந்தது. 1938 நவம்பர் 12 அன்று, அரசப் பிரதிநிதி லின்லித்கோ பிரபு பங்கேற்ற வேட்டையில் 4,273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. அந்நாள், பறவையியல் மேதை சாலிம் அலி அவர்களின் 42ஆம் பிறந்தநாள் என்பது வரலாற்றின் விந்தை. விடுதலைக்குப்பின் அந்நிலத்தை விளைநிலமாக்க முயற்சி எழுந்தபோது, அதனைக் காக்கப் போராடியவரும் அவரே. 1982இல் அது தேசியப் பூங்காவாயிற்று. 1985இல் உலக மரபுச் சின்னமாயிற்று.

ஆயினும் சைபீரியக் கொக்கு நிலைக்கவில்லை. 1960களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 200 ஆக இருந்த எண்ணிக்கை ஆண்டுதோறும் தேய்ந்தது. 2002இல் காணப்பட்ட இணையே இறுதியானது. சைபீரியாவிலிருந்து ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக வந்த அப்பறவைகள் வழியிலேயே வேட்டையாடப்பட்டமை இதற்குத் தலையாய காரணம் என்பர். பூங்காவின் நிலையும் சீராக இல்லை. கம்பீர் ஆற்றில் எழுந்த பாஞ்சனா அணையால் நீர்வரத்து குன்றியது. பின்னாளில் சம்பல் ஆற்று நீரைக் குழாய் வழியே கொணர வேண்டியதாயிற்று.

நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி இனித்தான் உள்ளது. பறவைகளுக்கு இடையூறு எனக் கருதி, 1982இல் பூங்காவினுள் எருமை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. எதிர்த்த ஊர்மக்கள்மீது காவல்துறை சுட்டதில் உயிர்கள் பலியாயின. ஆனால், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நெடிய ஆய்வு மாறான முடிவையே தந்தது. எருமைகள் மேயாததால் புல் மண்டி நீர்ப்பரப்பை மூடிற்று. பறவைகளுக்குரிய இடம் சுருங்கிற்று. ஊராரையும் உள்ளடக்கியதே அந்நிலத்தின் வாழ்வு என்பது காலம் கடந்தே விளங்கிற்று.

தமிழகத்து வேடந்தாங்கல் இதனை முன்னரே உணர்ந்திருந்தது. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரமாவதை அறிந்த ஊரார், பறவைகளைச் சுடலாகாது எனப் போராடி, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கில அதிகாரிகளிடம் அதற்கான உரிமையைப் பெற்றனர். ஊருக்கும் பறவைக்கும் பகையில்லாததால் இன்றும் அங்குப் பறவைகள் கூடுகின்றன.

வேலியும் சட்டமும் வேண்டுவனவே. எனினும், கரையில் வாழ்வோர் ஒதுக்கப்படும் இடத்தில் காவல் நிலைப்பதில்லை. படகு மிதக்க நீர் வேண்டும். அந்நீரில் பறவை நிலைக்க ஊரார் துணை வேண்டும். குடிமராமத்து முறையால் கண்மாய் காத்த மரபில் வந்த நாம், நம் ஊர் நீர்நிலைகளை இக்கண்கொண்டு நோக்குவோமாக.