புல்தரைக்குப் பதில் ஒரு பந்தல்

இரண்டடி மண் போதும். வீட்டுக்கு அழகும் நிழலும் தந்து, குழம்புக்குக் காயும் தரும் கொடிகள் உண்டு.

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியையும் பொம்மசந்திராவையும் தாண்டினால் சந்தாபுரா. இந்தப் பகுதிகளில் வீட்டு மனை என்றாலே 30-க்கு 40 அடி என்பதுதான் பொதுக் கணக்கு. வீடு, கார், தண்ணீர்த் தொட்டி எல்லாம் போக மிஞ்சுவது சுற்றுச்சுவரை ஒட்டிய ஒரு துண்டு மண். அதில் புல்தரை என்பது வீண் ஆசை.

ஆசைப்பட்டாலும் தண்ணீருக்கு எங்கே போவது? 2024 மார்ச்சில், தோட்டத்துக்குக் குடிநீரைப் பாய்ச்சினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூர் குடிநீர் வாரியம் அறிவித்தது. சந்தாபுராவின் ஏரியோ வேறு கதை. அது மாசுபட்டதற்காகக் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஆக, வீட்டுப் பசுமை சமையலறையில் அரிசியும் காயும் கழுவிய தண்ணீரில் பிழைக்க வேண்டும். கொடிகளுக்கு அது சாத்தியம். வேர் ஒரு மூலையில் இருக்கும். இலைகள் மாடி முழுவதும் பரவும்.

முதல் இடம் சௌசௌவுக்கு. தமிழர்கள் பலர் இதைப் 'பெங்களூர் கத்திரிக்காய்' என்பார்கள். உண்மையில் இது கத்திரிக்கு உறவே இல்லை. மெக்ஸிகோ பக்கத்திலிருந்து வந்த பூசணிக் குடும்பத்துக் கொடி. சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரின் குளுமை இதற்குப் பிடித்துப்போயிற்று. தனியாக விதை தேட வேண்டாம். கூடையில் மறந்துபோய் முளைவிட்ட முற்றிய காயைச் சாய்வாக, பாதி வெளியே தெரியும்படி நட்டால் போதும். ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் வருவதால் ஒன்றே போதும். தேனீ வர வேண்டும், அவ்வளவுதான். ஐந்தாறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். டார்ஜிலிங், மிசோரம் பக்கங்களில் இதன் தளிரையும் கீரையாகச் சமைக்கிறார்கள்.

கோவைக்காயில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. விதை போட்டால் காய்க்காத ஆண் கொடியாகவும் வரலாம். காய்க்கிற கொடியிலிருந்து ஒரு துண்டு வெட்டி நடுவதே புத்திசாலித்தனம். பூவின் அழகுக்கு பேஷன் ஃப்ரூட். குடகின் செட்டள்ளி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய 'காவேரி' என்ற கலப்பினம் இருக்கிறது. புதுத் தளிரில்தான் பூக்கும் என்பதால் ஆண்டுக்கொரு முறை கவாத்து அவசியம்.

திராட்சை? பெங்களூர் புளூ இந்த மண்ணின் பெயரையே தாங்கியது, ஆசை வரும். ஆனால் கவாத்து, மழையில் அடிச்சாம்பல் நோய், அதற்கு மருந்து என்று ஆளை வேலை வாங்கும். அலுவலகம் போகிறவர்கள் விட்டுவிடலாம்.

செலவைப் பந்தலில் செய்ய வேண்டும். காயோடு சௌசௌ கனக்கும். இரும்புக் குழாயும் கம்பியும் வேண்டும். சுவரோரம் ஏற்றினால் அரை அடி இடைவெளி விட்டுக் கம்பி கட்டுங்கள், சுவரில் ஈரம் தங்காது.

சென்னை, மதுரை வெயிலைச் சௌசௌ தாங்காது. அங்கே கோவையும் கொடிப்பசலையும் நன்றாக வரும். டெல்லிவாசிகள் மழைக்காலத்தில் அவரை ஊன்றினால் குளிர்காலத்தில் பறிக்கலாம். அசுவினி வந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் போதும்.