பூர்வீக வீட்டின் விலை: மனை, சுவர், பத்திரம்

பூர்வீக வீட்டை விற்பதென்று குடும்பம் கூடி முடிவெடுத்த மறுகணம் எழும் கேள்வி, அதற்கு என்ன விலை சொல்வது என்பதாகும். கடலூரிலும் சிதம்பரத்திலும் அதற்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை, எதிர்வீடு எவ்வளவுக்குப் போனதாகத் தெருவில் பேச்சோ அதற்குமேல் ஐந்து லட்சம் என்பதுதான். பழைய வீட்டின் விலையைக் கூறுபோட்டுப் பார்த்தால், அதில் மனையின் மதிப்பு பெரும்பங்கும் கட்டடத்தின் எஞ்சிய மதிப்பு சிறுபங்கும் வகிப்பதும், அவ்விரண்டும் முழுமையாகக் கைக்கு வருமா என்பதைப் பத்திரங்களின் நிலை தீர்மானிப்பதும் விளங்கும்.

மனையைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு, அதாவது ஒவ்வொரு தெருவுக்கும் சர்வே எண்ணுக்கும் சதுர அடி ஒன்றுக்கு இவ்வளவு என்று முத்திரைத் தீர்வை வசூலிப்பதற்காக அரசு நிர்ணயித்து வைத்திருக்கும் தொகை. 2012இல் மாநிலம் முழுவதும் திருத்தப்பட்ட இம்மதிப்பு 2017 ஜூனில் 33 விழுக்காடு குறைக்கப்பட்டு, பின்னர் வழக்குகளைக் கடந்து, 2024 ஜூலை 1 முதல் புதிதாக நடைமுறைக்கு வந்தது. அரசின் தேவைக்காக வரையப்பட்ட இந்த எண் சந்தை விலையோடு சில தெருக்களில் ஒட்டியும் சில தெருக்களில் வெகுவாக விலகியும் நிற்பதால், அதைத் தளமாகக் கொள்ளலாமே தவிர விலையாகக் கொள்ள இயலாது. ஆயினும் அந்தத் தளத்துக்குக் கீழே இறங்கி விற்பதில் ஓர் ஆபத்து உண்டு: விற்பனைத் தொகையைவிட வழிகாட்டி மதிப்பு பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாக இருந்தால், விற்றவர் வாங்காத பணத்துக்கும் சேர்த்து வருமான வரித்துறை மூலதன ஆதாயத்தைக் கணக்கிடும்.

உண்மையில் நடந்த விற்பனைகளை அறிய வில்லங்கச் சான்று உதவுகிறது. ஒரு சர்வே எண்ணில் பதிவான கிரயம், அடமானம், பாகப்பிரிவினை முதலியவற்றை வரிசைப்படுத்தும் இச்சான்றைப் பக்கத்து மனைகளுக்கும் எடுத்துப் பார்த்தால், அண்மையில் கைமாறியவற்றின் விற்பனைத் தொகை தெரியவரும். பத்திரத்தில் எழுதிய தொகைக்கு வெளியே கைமாறும் பணம் அதில் ஏறாது என்பதால், தெருவில் சொல்லப்படும் தொகை மேல் எல்லையாகவும் பத்திரத்தில் உள்ள தொகை கீழ் எல்லையாகவும் அமைய, உண்மை விலையை இரண்டுக்கும் நடுவில்தான் தேட வேண்டியிருக்கிறது.

இவ்வாறு கிடைக்கும் சதுர அடி விலையை மனையின் மொத்தப் பரப்பால் அப்படியே பெருக்கிவிடுவது சிதம்பரம் போன்ற கோயில் நகரத்தில் பெருந்தவறாக முடியும். நடராசர் கோயிலைச் சுற்றியுள்ள தேரோடும் நான்கு வீதிகளிலும் அவற்றை ஒட்டிய தெருக்களிலும் உள்ள பழைய வீடுகள் வாசல் குறுகி, திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று பின்னோக்கி நீண்டு செல்பவை. வீதியைத் தொடும் முகப்புக்குரிய விலை கொல்லைக்கோடியில் உள்ள கிணற்றடிக்குக் கிடைக்காது. இதற்காக மதிப்பீட்டாளர்கள் மனையைக் குறுக்கே பட்டைகளாகப் பிரித்து, முன்பட்டைக்கு முழு விலையும் நடுப்பட்டைக்கு மூன்றில் இரண்டு பங்கும் பின்பட்டைக்குப் பாதியும் போடுவார்கள். எடுத்துக்காட்டாக, 20 அடி முகப்பும் 150 அடி ஆழமும் உடைய மனையில் முதல் 50 அடியை முன்பட்டை என்றும் அடுத்த 75 அடியை நடுப்பட்டை என்றும் எஞ்சிய 25 அடியைப் பின்பட்டை என்றும் கொண்டால், 3,000 சதுர அடி மனை விலைக் கணக்கில் 2,250 சதுர அடியாகச் சுருங்கிவிடும். கொல்லைப்புறத்தில் இன்னொரு தெருவுக்கு வழி இருந்தால் இக்கணக்கு மாறி, பின்பட்டைக்கும் தனி முகப்பு கிடைத்துவிடுகிறது. தெருக்குத்து, அதாவது எதிரே வரும் தெரு நேராக வந்து வாசலில் முட்டுவது, பொறியியல் நோக்கில் பெரிய குறையில்லை என்றாலும், வாங்க வருவோரில் பலர் அதைக் கண்டதும் திரும்பிவிடுவதால் விலையைக் குறைக்கவே செய்கிறது.

கோயில் நகரங்களில் இதைவிட ஆழமான கேள்வி, நிலம் யாருடையது என்பதாகும். அடிமனை கோயிலுக்கோ மடத்துக்கோ அறக்கட்டளைக்கோ உரியதாக இருக்க, மேலே நிற்கும் கட்டடம் மட்டும் தலைமுறைகளாகக் குடியிருப்பவர்க்கு உரியதாக இருக்கும் வீடுகள் தமிழகமெங்கும் உண்டு. அத்தகைய நிலத்தை விற்கும் பத்திரம் உரிய அனுமதியில்லாமல் பதிவாகாது. அங்கே மனை விலையைக் கணக்கில் சேர்ப்பதே பொருளற்றது என்பதால், விலை பேசுவதற்கு முன்பே மூலப்பத்திரத்தையும் நகர நில அளவைப் பதிவேட்டையும் ஒத்துப்பார்ப்பது நல்லது.

கடலூரிலோ விலையைத் தீர்மானிப்பதில் தண்ணீருக்கு முதன்மை இடம் உண்டு. தென்பெண்ணையும் கெடிலமும் கடலைச் சேரும் இந்நகரம் 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையையும், 2011 டிசம்பர் 30இல் தானே புயலையும், 2015இல் பெருமழை வெள்ளத்தையும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தையும் கண்டிருக்கிறது. இந்த ஆண்டுகளில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததா, புகுந்தால் எத்தனை படி ஏறியது என்று வாங்குவோர் கேட்கிறார்கள்; மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் முதுநகரிலும் ஒரே தெருவின் மேட்டுப்பக்கத்துக்கும் பள்ளப்பக்கத்துக்கும் ஒரே விலை சொல்வது நியாயமாகாது. சாலையை மேலும் மேலும் போட்டு உயர்த்தியதால் தரை தெருமட்டத்துக்குக் கீழே போய்விட்ட வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குவதற்கோ தரையை மேடாக்குவதற்கோ ஆகும் செலவை விற்பவரே முன்கூட்டிக் கழித்துக்கொள்வது பேரத்தைச் சுருக்கும். நிலத்தின் விலைக்குள் எது சேரும் என்பதில் கடலூருக்கு விசித்திரமான பழைய வரலாறும் உண்டு: 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடமிருந்து வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரை விற்பனைக்குள் அடங்கியது. இன்றைய மனைக்கு நான்கெல்லை அளந்த புலப்படம் வேண்டும்.

அடுத்தது கட்டடம். குடும்பம் அதிக மதிப்பு வைத்திருப்பதும் சந்தை குறைந்த மதிப்பு வைத்திருப்பதும் இதற்குத்தான். இதே பரப்பை இன்று புதிதாகக் கட்ட ஆகும் செலவிலிருந்து, கடந்துபோன ஆண்டுகளுக்கான தேய்மானத்தைக் கழிப்பது வழக்கமான முறை. 1,200 சதுர அடிக் கட்டடத்தைச் சதுர அடிக்கு 2,000 ரூபாய் வீதம் இன்று கட்டலாம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் செலவு 24 லட்சம். அதன் ஆயுள் 75 ஆண்டு, இடித்தால் கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து விழுக்காடு என்று கொண்டால், 50 ஆண்டு கழிந்த நிலையில் தேய்மானம் 60 விழுக்காடாகி, மிஞ்சுவது 9 லட்சத்து 60 ஆயிரம் மட்டுமே. கடற்காற்றால் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்த தளமாயின் அதுவும் கிடைக்காது, இடிக்கும் கூலிதான் பேச்சில் வரும். இதற்கு விதிவிலக்கு மரம்: தேக்குத் தூண்களும் உத்தரங்களும் வேலைப்பாடுள்ள நிலைக்கதவுகளும் காரைக்குடி பழம்பொருள் கடைகள்வரை விலைபோகும் என்பதால், அவற்றைத் தனியே மதிப்பிட்டு, வீட்டோடு சேர்த்தா பிரித்தா என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பத்திரம் சரியில்லாத வீட்டுக்கு இக்கணக்குகள் முழுமையாகப் பொருந்துவதில்லை. வாங்குபவர் வங்கிக்கடனை நம்பியிருந்தால் வங்கியின் வழக்கறிஞர் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றை ஆராய்ந்த பிறகே கடன் கிடைக்கும். ஒன்று குறைந்தாலும் கையில் ரொக்கம் உள்ள சிலரிடமே விற்க நேர்ந்து விலை இறங்கும். தாத்தா பெயரிலேயே பட்டா நின்றுபோன வீடுகளில் அக்காள், தங்கை, அத்தை ஆகியோரின் உரிமை மறக்கப்படுவது வழக்கம். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்குச் சமபங்கு தமிழ்நாட்டில் 1989லேயே சட்டமாகி, 2005இல் நாடு முழுவதற்கும் விரிந்த பிறகும் இது தொடர்கிறது. விடுபட்ட ஒரு கையெழுத்தால் குறையும் விலை, அந்தக் கையெழுத்துக்குரிய பங்கைவிடப் பெரிதாக இருக்கக்கூடும்.

இவ்வாறு கிடைத்த தொகைமேல் பேரத்துக்காக ஐந்து முதல் பத்து விழுக்காடு வரை ஏற்றிச் சொல்வது போதுமானது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக வாங்குபவர் இன்னும் 9 விழுக்காடு தர வேண்டியிருப்பதால், அதற்குமேல் ஏற்றினால் உண்மையில் வாங்கக்கூடியவர் வீட்டைப் பார்க்கவே வரமாட்டார். உடன்பிறந்தோரில் ஒருவரே வீட்டை வைத்துக்கொண்டு மற்றவர்கள் விடுதலைப் பத்திரம் எழுதித் தருவதாயிருந்தால், இந்த ஏற்றமும் தரகுக்கூலியும் கணக்கிலிருந்து நீங்கிவிடும். கட்டணமும் வெளியாருக்கு விற்பதைவிடக் குறைவு.