அலறலின் சொரசொரப்பு

டயமண்டா கலாஸ் பாடிய ‘பிளேக் மாஸ்’ ஆல்பத்தை இரவில் தனியாகக் கேட்காதீர்கள் என்று சொல்லத் தோன்றும். ஆனால் மனிதத் தொண்டை என்னவெல்லாம் செய்யும் என்று அறிய விரும்புகிறவர்கள் கேட்டே ஆக வேண்டிய பதிவு அது. 1990 அக்டோபர் 12, 13 தேதிகளில், நியூயார்க்கின் செயின்ட் ஜான் தி டிவைன் பேராலயத்தில் மக்கள் முன்னிலையில் பாடிப் பதிவு செய்தது. இடுப்புக்கு மேல் ஆடையின்றி, உடலெங்கும் ரத்தம் வழிய நின்று பாடினார். ஆல்பத்தின் பெயரிலுள்ள ‘பிளேக்’ எய்ட்ஸைத்தான் குறிக்கிறது. நாடகக் கலைஞரான கலாஸின் சகோதரர் 1986இல் எய்ட்ஸுக்குப் பலியாகியிருந்தார். 1990 முடிவதற்குள் அமெரிக்காவில் அந்த நோய் ஒரு லட்சம் பேருக்கு மேல் கொன்றுவிட்டது.

இந்த ஆல்பத்தில் பாட்டு திடீரென அலறலாகிறது, அலறல் உறுமலாகிறது. எப்படி?

பேசும்போது குரல்வளையின் இரண்டு குரல்நாண்களும் சீராகத் திறந்து மூடுகின்றன. பெண்குரலில் நொடிக்கு ஏறத்தாழ 200 முறை. அந்தச் சீர்தான் காதில் சுருதியாக விழுகிறது. மூச்சின் அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டினால் சீர் குலையும். ஒரு நாண் ஒரு கதியிலும் மற்றது வேறு கதியிலும் துடிக்கலாம். பேச்சில் சும்மா இருக்கும் போலிக் குரல்நாண்கள் அவற்றுக்கு மேலே இருக்கின்றன. அவையும் சேர்ந்து அதிரலாம். ஒரே தொண்டையிலிருந்து இரண்டு மூன்று குரல்கள் கிளம்புவதுபோல் கேட்பது இதனால்தான்.

அலறல் ஏன் நம்மை உலுக்குகிறது என்பதற்கு 2015இல் லூக் அர்னால், டேவிட் போப்பெல் குழுவினர் விடை தேடினார்கள். சாதாரணப் பேச்சின் ஒலியளவு நொடிக்கு நாலைந்து முறை ஏறி இறங்கும். அலறலில் அது 30 முதல் 150 முறை. அந்த வேகத்தில் தனித்தனித் துடிப்பு காதுக்குப் பிடிபடாது. ஒலி மொத்தமும் சொரசொரப்பாகிவிடும். சொரசொரப்பு கூடக் கூடக் கேட்பவரின் அச்சமும் கூடியது. மூளையில் ஆபத்தை உணரும் அமிக்டலாவும் கூடுதலாகத் துலங்கியது. அபாயச் சங்குகளிலும் இதே சொரசொரப்புதான்.

பயந்தவர் அறியாமல் எழுப்பும் அந்த ஒலியை, கலாஸ் வேண்டும்போது எழுப்பி வேண்டும்போது நிறுத்துகிறார். ஆபரா முறையில் தேர்ந்த குரல் அவருடையது. பயிற்சி இல்லாதவர் இப்படிக் கத்தினால் சிறிது நேரத்தில் தொண்டை கட்டிவிடும்.

குரலைத் தவிர இன்னொரு கருவி அந்தப் பேராலயக் கட்டடமே. நீளம் சுமார் 183 மீட்டர். ஒரு கோடியில் கிளம்பும் ஒலி மறுகோடியில் மோதித் திரும்ப ஒரு நொடிக்கு மேல் ஆகும். கல், ஒலியை எளிதில் விழுங்குவதில்லை. முந்தைய அலறல் அடங்குவதற்குள் அடுத்தது மேலேறுகிறது. தனியொரு பெண் கூட்டமாகிவிடுகிறார். ஸ்டுடியோவில் பதிவு செய்திருந்தால் இந்த நெரிசல் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

கலாஸ் கிரேக்க வம்சாவளியினர். தென்கிரேக்கத்தின் மானி பகுதிப் பெண்கள் பாடும் ஒப்பாரி அவர் கலைக்கு வேர். அங்கே ஒப்பாரி அழுகையோடு நிற்பதில்லை. கொன்றவனைச் சுட்டிப் பழிகேட்பதும் அதில் உண்டு. எய்ட்ஸ் தொடர்பான கத்தோலிக்கத் திருச்சபையின் நிலைப்பாட்டை எதிர்த்து 1989 டிசம்பரில் நியூயார்க்கின் செயின்ட் பாட்ரிக் பேராலயத்துக்குள் நடந்த போராட்டத்தில் கைதானவர்களில் கலாஸும் ஒருவர். பத்து மாதம் கழித்து, அதே நகரத்தில், வேறொரு திருச்சபையின் பேராலயம் இந்தப் பாட்டுக்குக் கதவைத் திறந்தது.