உடுப்புத் தோய்த்தல்: நேரமும் பாதுகாப்பும்

பூவரசங்குளத்துக்குத் திரும்பியிருக்கும் உங்களுக்கு வீட்டு வேலை, வளவு துப்புரவு, வயல் என்று நாள் போதாது. எனவே உடுப்புகளைக் குவிய விடாமல் நாளுக்கு ஒரு வாளி தோயுங்கள்.

• பாடசாலைச் சீருடைகளும் குழந்தைத் துணிகளும் முதலில். இரவே சவர்க்காரத் தண்ணீரில் ஊறவிட்டால் காலையில் வேலை குறையும். வீட்டிலுள்ள எல்லோரும் கைகொடுங்கள்.

• கிணற்றுத் தண்ணீரில் நுரை வராவிட்டால் அது வன்னீர். மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்துத் தோய்த்தால் சவர்க்காரம் மிச்சமாகும்.

• குடிநீர்க் கிணற்றடியில் தோய்க்காதீர்கள். அழுக்குத் தண்ணீர் கிணற்றுக்குள் இறங்கினால் வயிற்றோட்டம் வரலாம். தண்ணீரை அள்ளித் தூரத்தில் வைத்துத் தோயுங்கள்.

• மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் கொடி கட்டாதீர்கள். காற்றில் உடுப்பு அங்கே பறந்தால் எடுக்கப் போகாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். உடுப்பு போனால் போகட்டும்.