மழை நாள்ல காசு செலவில்லாம எங்க உட்கார்றது? சென்னையில ரயிலேறிப் போகக்கூடிய கூரைகள்

ஒரு கேள்வியோட ஆரம்பிச்சுடறேன். சென்னையில ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம், பெருசா காசு செலவு பண்ணாம மூணு மணி நேரம் வெளிய இருக்கணும். எங்க போவீங்க? முக்கால்வாசிப் பேர் மெரினான்னு சொல்வீங்க, இல்லன்னா எலியட்ஸ், இல்லன்னா பக்கத்துல இருக்கிற பூங்கா. இந்த ஊருக்கு வாசத்திண்ணை மாதிரி இருக்கிறது கடற்கரைதான். ஒரே குறை, அந்தத் திண்ணைக்குக் கூரை கிடையாது.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. சென்னைக்கு வருஷம் பூரா கிடைக்கிற மழையில பாதிக்கு மேல இந்த மூணு மாசத்துலதான் கொட்டுது. அப்போ கடற்கரை, பூங்கா, மொட்டைமாடி எல்லாம் கணக்குல இருந்து போயிடும். மிச்சம் மால், சினிமா, காஃபி ஷாப். மூணுக்கும் பர்ஸைத் திறக்கணும். சொந்த வீடு இருக்கிறவங்களுக்கு மழைன்னா பஜ்ஜி, டீ, ஜன்னல். மூணு கட்டில் போட்ட பி.ஜி. ரூம்ல இருக்கிறவங்களுக்கு அப்படி இல்ல. கட்டில்தான் டேபிள், கட்டில்தான் நாற்காலி, அதுலயே சனி ஞாயிறு ரெண்டு நாளும் போயிடும். அதனால இந்த எபிசோடுக்கு நான் வெச்சுக்கிட்ட நிபந்தனை ரெண்டு. ரயில்ல போய் இறங்கினா மிச்ச தூரம் ஒண்ணு, ஒன்றரை கிலோமீட்டருக்குள்ள இருக்கணும். உள்ள உட்கார்றதுக்கு எதையும் வாங்கச் சொல்லக் கூடாது, இல்லன்னா கட்டணம் ரொம்பக் கம்மியா இருக்கணும்.

முதல்ல ரயில் பத்தி. சுரங்க மெட்ரோ ஸ்டேஷன் வாசலை என்னிக்காவது கவனிச்சிருக்கீங்களா? பூமிக்கடியில போறதுக்கு முன்னாடி நாலைஞ்சு படி மேல ஏறுவோம், அப்புறம்தான் கீழ இறங்குவோம். அழகுக்காகக் கட்டினது இல்ல அது. தெருவுல தேங்குற தண்ணி உள்ள வழியாம இருக்க, வாசலையே தரையை விட உசத்தி வெச்சிருக்காங்க. பறக்கும் ரயில்ல பாதையே தலைக்கு மேல ஓடுது, தண்டவாளம் முழுகுற கவலை பெருசா இல்ல. தரையில ஓடுற புறநகர் ரயில் வேற கதை. பேசின் பிரிட்ஜ் பக்கம் தண்ணி ஏறிட்டா சென்ட்ரல் பக்கத்து வண்டிகளே நின்னுடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல அதைப் பார்த்தோம்.

அதே புயல்ல மெட்ரோ ஓடிக்கிட்டுதான் இருந்தது. ஆனா பரங்கிமலை ஸ்டேஷனுக்குப் போற வழியில தண்ணி தேங்கினதால, ஆலந்தூர் போய் ஏறுங்கன்னு பயணிகள்கிட்ட சொன்னாங்க. நம்ம பாஷையில சொன்னா சர்வர் நல்லா இருக்கு, வீட்டுக்கு வர்ற கடைசிக் கேபிள்லதான் கோளாறு. மழை நாள்ல எங்க போறதுன்னு முடிவு பண்ணும்போது ரயில் நேரத்தை விட, இறங்கின பிறகு இருக்கிற அந்தக் கடைசித் தூரத்தைத்தான் பார்க்கணும்.

இன்னொண்ணையும் இப்பவே சொல்லிடறேன். வானிலை ஆய்வு மையக் கணக்குல, 24 மணி நேரத்துல 64.5 மில்லிமீட்டரைத் தொட்டா கனமழை, 204.4-ஐத் தாண்டினா அதிகனமழை. நான் பேசுறது சாதாரண மழை நாளைப் பத்தி, அதிகபட்சம் மஞ்சள் எச்சரிக்கை நாள். ஆரஞ்சு, சிவப்புன்னா கட்டில்லயே இருங்க, தப்பில்ல. எந்த நிறமா இருந்தாலும் அடி தெரியாத தண்ணியில கால் வைக்காதீங்க. மழைநீர் வடிகாலுக்குத் தோண்டின பள்ளமும் மூடியில்லாத மேன்ஹோலும் தண்ணிக்கு மேல தெரியாது. தெருவோர மின்பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு தாண்டுறது அதைவிட மோசம்.

சரி, இடங்களுக்கு வருவோம். என் பட்டியல்ல முதல் இடம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். பறக்கும் ரயில்ல கோட்டூர்புரத்துல இறங்கினா ஒரு கிலோமீட்டர் அளவுக்கு நடை. 2010 செப்டம்பர் 15 அன்னிக்குத் திறந்தாங்க. தரைத்தளத்துக்கு மேல எட்டு மாடி. நீங்க உள்ள போறதுக்கு யாரும் காசு கேக்கறதில்ல, எதுக்கு வந்தேன்னும் கேக்கறதில்ல. நம்ம புத்தகத்தையே எடுத்துட்டுப் போய்ப் படிக்கறதுக்குத் தனிப் பகுதி உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவங்க அங்க காலையிலேயே இடம் பிடிச்சிருப்பாங்க, அதனால மழை நாள்ல கொஞ்சம் சீக்கிரம் கிளம்புங்க. பார்வையற்றவங்களுக்கு பிரெய்ல் பகுதி இருக்கு. குழந்தைகள் பகுதியும் இருக்கு, அக்கா பசங்களைக் கூட்டிட்டுப் போறவங்க நேரா அங்க போயிடலாம். எனக்குப் பிடிச்சது ஜன்னலோர நாற்காலிகள். வெளிய மழை, உள்ள பக்கம் புரட்டுற சத்தம்.

இந்த இடம் நமக்குக் கிடைக்காமலே போயிருக்கலாம். 2011 நவம்பர்ல, நூலகத்தை வேற இடத்துக்கு மாத்திட்டு இந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப் போறோம்னு அப்போதைய அரசு அறிவிச்சது. வழக்கு போட்டாங்க, சென்னை உயர் நீதிமன்றம் தடை விதிச்சது, நூலகம் தப்பிச்சது. மருத்துவமனை வேணாம்னு யாரும் சொல்லல. ஆனா காசு கேக்காம நாள் பூரா உட்கார விடுற கட்டடம் ஒரு ஊர்ல எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாருங்க, ஒரு கை விரலே மிஞ்சும்.

நூலகம் இருக்கிற அதே காந்தி மண்டபம் சாலையிலதான் பிர்லா கோளரங்கமும் இருக்கு. 1988-ல திறந்தது. தமிழ்லயும் காட்சிகள் உண்டு. மேகம் மூடின நாள்ல நட்சத்திரம் பார்க்க வேற வழி ஏது?

அடுத்தது எழும்பூர். மெட்ரோ, புறநகர் ரெண்டும் வரும். அங்கிருந்து பாந்தியன் சாலையில இருக்கிற அரசு அருங்காட்சியகம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. மழை வலுத்தா பஸ்ஸோ ஆட்டோவோ பிடிச்சுக்கலாம். பெண்களுக்கு சாதாரணக் கட்டண மாநகரப் பஸ்ல 2021-ல இருந்தே டிக்கெட் கிடையாது. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் லீவு, மறந்துடாதீங்க. இது 1851-ல தொடங்கினது. ஒரே கட்டடம்னு நினைச்சுப் போனா ஏமாந்துடுவீங்க. வளாகத்துக்குள்ள தனித்தனிக் கட்டடங்கள், ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குக் குடை பிடிச்சுதான் போகணும். அதனால மழை நாள்ல எல்லாத்தையும் பார்க்க அலையாதீங்க. வெண்கலச் சிலைக்கூடம் ஒண்ணு போதும்.

திருவாலங்காட்டு நடராஜர், திருவெண்காட்டு அர்த்தநாரி எல்லாம் இங்கதான். பார்க்கறதுக்கு முன்னாடி இதை எப்படிச் செய்றாங்கன்னு தெரிஞ்சா இன்னும் நல்லா இருக்கும். முதல்ல முழுச் சிலையையும் மெழுகுல செய்வாங்க. மேல வண்டல் மண்ணை அடுக்கடுக்காப் பூசிக் காய வைப்பாங்க. சூடு பண்ணினா மெழுகு உருகி ஓட்டை வழியா வெளிய வந்துடும், அந்தக் காலி இடத்துல உருக்கின உலோகத்தை ஊத்துவாங்க. ஆறின பிறகு மண் அச்சை உடைச்சாத்தான் சிலை வெளிய வரும். அச்சு அதோட காலி. அதனால ஒரு சிலை மாதிரியே அச்சு அசலா இன்னொண்ணு இருக்காது, காப்பி பேஸ்ட்டுக்கு வழியே இல்ல. நடராஜரை முன்னாடி மட்டும் நின்னு பார்த்துட்டு நகராதீங்க, பின்பக்கமும் போய்ப் பாருங்க. தூக்கின காலோட எடையை உடம்பு எப்படிச் சமாளிக்குதுன்னு அங்க நல்லாத் தெரியும்.

அதே வளாகத்துல கன்னிமாரா பொது நூலகம். 1896 டிசம்பர்ல திறந்தது. இந்தியாவுல அச்சாகுற புத்தகங்கள்ல ஒரு பிரதி சட்டப்படி போய்ச் சேர வேண்டிய நாலு நூலகங்கள்ல இது ஒண்ணு. சிலை பார்த்துக் கால் வலிச்சா இங்க வந்து உட்காரலாம்.

மத்ததெல்லாம் சுருக்கமா. எல்.ஐ.சி. மெட்ரோவுல ஏறி வந்தா சில நிமிஷ நடையில ஹிக்கின்பாதம்ஸ், 1844-ல இருந்து இருக்கிற புத்தகக்கடை. கடைதான், ஆனா புரட்டிப் பார்க்கறதுக்கு பில் போட மாட்டாங்க. கோட்டை ஸ்டேஷன்ல இறங்கினா புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம். 1947 ஆகஸ்ட் 15 அன்னிக்குக் கோட்டையில ஏத்தின தேசியக் கொடி அங்க இருக்கு. இதுக்கும் வெள்ளிக்கிழமைதான் லீவு. டிசம்பர் பாதிக்கு மேல திருமயிலை ஸ்டேஷன்ல இறங்கினா சபா சீசன். பல சபாக்கள்ல பகல் கச்சேரிக்கு டிக்கெட் வேணாம். ராகம் தெரியலன்னாலும் உட்காரலாம், தலையாட்டுறதை யாரும் பரீட்சை வைக்கப் போறதில்ல. ஆனா மயிலாப்பூர்ல மெட்ரோ வேலையால தெருக்களை மாத்தி விட்டிருக்கிறதால, மேப் காட்டுற வழியை அப்படியே நம்பாதீங்க.

ஐ.சி.எஃப். பக்கத்து ரயில் அருங்காட்சியகத்தை ஏன் விட்டுட்டேன்னு கேப்பீங்க. அருமையான இடம், ஆனா எஞ்சின்கள் பெரும்பாலும் வெட்டவெளியில நிக்குது. ஜனவரியில போங்க.

இப்போ பட்டியலைத் திரும்பப் பாருங்க. கோட்டூர்புரம், எழும்பூர், அண்ணா சாலை, கோட்டை, மயிலை. எல்லாமே பழைய சென்னை. நம்மள்ல பாதிப் பேர் தங்கியிருக்கிற ஓ.எம்.ஆர்.ல, சோழிங்கநல்லூர் தாண்டினா, இந்த மாதிரி ஒண்ணுகூட என்னால சேர்க்க முடியல. சிப்காட் வரைக்கும் மெட்ரோ தூண்கள் எழும்பிட்டு இருக்கு. ரயில் வந்தா அங்கிருந்து கோட்டூர்புரம் வர்றது சுலபமாகும், சந்தோஷம். ஆனா அத்தனை லட்சம் சதுர அடி ஆபீஸ் கட்டின சாலையில, மழைக்கு ஒதுங்கி உட்கார ஒரு பொது நூலகத்துக்கு இடம் ஒதுக்கியிருக்கலாம். உங்க ஏரியாவுல, தாம்பரத்துக்குத் தெற்கேயோ ஆவடி பக்கமோ, ஸ்டேஷன்ல இருந்து நடக்கிற தூரத்துல காசு கேக்காத கூரை ஏதாவது தெரிஞ்சா எழுதி அனுப்புங்க. வாசல்ல தண்ணி தேங்குமான்னும் சேர்த்து எழுதுங்க, அடுத்த மழைக்கு முன்னாடி ஒரு எபிசோட்ல வாசிச்சுடறேன்.